அறவிடாத கடன்



புத்தளம் நகரிலிருந்து கொழும்பு வீதியில் சிறிது தூரம் தெற்கே வந்தால் பாலாவிச் சந்தி. அங்கிருந்து திரும்பும் கற்பிட்டி வீதி, ஒரு பக்கம் களப்பையும் மறுபக்கம் பெருங்கடலையும் வைத்துக்கொண்டு மணல் நிலத்தின் நடுவே வடக்கு நோக்கி ஓடுகிறது. நுரைச்சோலையைக் கடந்த பின் கடற்பக்கமாகப் பிரியும் கிளைவீதியில் போனால் தலவில வரும். பங்குனியிலும் ஆவணியிலும் திருவிழாக் காலத்தில் இந்தக் கரை ஒரு பட்டினமாகிவிடும். சிங்களவரும் தமிழருமாகச் சனம் கூடாரம் அடித்து, மரநிழலில் அடுப்பு மூட்டி, நாட்கணக்கில் தங்கியிருக்கும். மற்ற நாட்களில் புனித அன்னம்மாளின் ஆலயமும் மணலும் காற்றும்தான்.

இப்போதுள்ள பெரிய ஆலயம் 1843இல் கட்டி முடிக்கப்பட்டது. தலத்தின் கதையோ அதற்கு மிக முந்தியது. உண்மையில் இரண்டு கதைகள் வழங்குகின்றன. மன்னாரிலிருந்து கொழும்புக்குப் பிழைப்புத் தேடி நடந்த ஏழைப் போர்த்துக்கேயன் ஒருவன் இந்தக் கரையில் களைத்து உறங்கினான், ஒளிசூழ்ந்த திருவுருவம் ஒன்றைக் கனவில் கண்டான், விழித்தபோதும் கண்டான் என்பது ஒரு கதை. மற்றது, கப்பல் உடைந்து கரையேறிய ஐரோப்பிய வணிகன் ஒருவனைப் பற்றியது. தன்னோடு தப்பிய அன்னம்மாள் சுரூபத்தை அவன் ஓர் ஆலமரத்தடியில் வைத்து, "என் வியாபாரம் தழைத்தால் திரும்பி வந்து உனக்கு இவ்விடத்தில் ஒரு கோயில் கட்டுவேன்" என்று வாக்குக் கொடுத்தான். வியாபாரம் தழைத்தது. அவனும் திரும்பி வந்தான்.

இந்த இரண்டாவது கதையில்தான் என் மனம் எப்போதும் தங்கி நிற்கும். கப்பல் உடைந்ததும் சுரூபம் தப்பியதும் எனக்குப் பெரிதல்ல, அவன் திரும்பி வந்ததுதான் பெரிது. அவன் வாக்குக் கொடுத்தபோது பக்கத்தில் சாட்சி இல்லை, எழுதிக் கையொப்பமிட்ட உறுதி இல்லை. ஆலமரத்தடியில் இருந்த மரச்சுரூபம் அவனைத் தேடி எந்தத் துறைமுகத்துக்கும் ஆள் அனுப்பப் போவதில்லை. பணம் கையில் சேர்ந்த ஒரு வணிகன் அதை மறந்துவிடுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. கதை நடந்ததோ இல்லையோ, தலவிலவுக்கு வருகிற சனம் அதைச் சரித்திரமாகவே வைத்திருக்கிறது. அவர்களும் அதே காரியத்துக்குத்தானே வருகிறார்கள்.

நாம் அதை நேர்த்திக்கடன் என்கிறோம். கடன் என்ற சொல்லைக் கவனியுங்கள். பழந்தமிழில் அதற்குக் கடமை என்றே பொருள். புறநானூற்றுத் தாய் ஒருத்தி தனக்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் மகனுக்கும் இன்ன இன்ன கடன் என்று வரிசைப்படுத்துகிற பாட்டை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அங்கே யாரும் யாரிடமும் பணம் வாங்கவில்லை. பின்னாளில் அதே சொல் பணக்கடனுக்கும் ஆயிற்று. எபிரேய மொழியிலும் இப்படித்தான் என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அங்கே கடனுக்குரிய சொல் 'ஹோவ்', கடமைக்குரிய சொல் 'ஹோவா'. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

எபிரேயத்தை நான் இங்கு வலிந்து இழுக்கவில்லை. தலவிலவில் வீற்றிருக்கும் அன்னம்மாள் யார்? யூதப் பெண். மரியாளின் தாய். அவளுடைய வரலாறு நற்செய்தி நூல்கள் நான்கிலும் இல்லை. யாக்கோபின் பெயரால் வழங்கும் பழைய நூல் ஒன்றிலேயே இருக்கிறது. பிள்ளையில்லாத அன்னா, பிள்ளை பிறந்தால் ஆண்டவருக்கே கொடுப்பேன் என்று நேர்ந்தாள் என்றும், பெண் பிறந்து மூன்று வயதானபோது எருசலேம் ஆலயத்தில் கொண்டுபோய் விட்டாள் என்றும் அது சொல்கிறது. பழைய ஏற்பாட்டில் சாமுவேலின் தாயான அன்னாளின் கதையும் இதுவே. பெயரும் ஒன்றே. பால் மறந்த குழந்தையைக் கொண்டுபோய்க் கொடுத்த அந்த இரண்டு தாய்மாரிடமும் கடவுள் வந்து 'எங்கே என் பிள்ளை' என்று கேட்டதாக எந்தக் கதையிலும் இல்லை. ஆகவே, கேளாமல் கடன் தீர்த்த ஒருத்தியிடந்தான் தலவில யாத்திரிகர் தங்கள் கடன் தீர்க்க வருகிறார்கள்.

இனி என் சொந்தக் கதையில் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த விடயத்தைப் பேச எனக்கு உரிமையில்லை.

1985இல் என் தம்பி மன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குப் படகேறினான். மூன்று கிழமை செய்தி இல்லை. அம்மா தலவில அன்னம்மாளுக்கு வெள்ளியில் ஒரு சின்னப் படகு நேர்ந்தார். தம்பி போய்ச் சேர்ந்தான். படகு செய்தாயிற்று, ஆனால் கொண்டுபோய்க் கொடுக்கப் பாதை இல்லை. அது அம்மாவின் பெட்டிக்குள் பட்டுத்துணியில் சுற்றிக் கிடந்தது.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியது. எங்கள் வீட்டுக் கூரையின் ஒரு பக்கம் ஷெல் பட்டுச் சிதறிவிட்டது. மாரிக்கு முன் மூட வேண்டும். யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருப் பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவரிடம் அம்மாவும் நானும் போனோம். நாங்கள் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். தகரம், கூரையாணி, கம்பி எல்லாமாக 1,860 ரூபாய். எனக்குச் சம்பளம் வந்து சேராத காலம். நானா கொப்பியைத் திறந்து என் பெயரை எழுதினார். "மாஸ்ரர், மழைக்கு முதல் கூரையைப் போடுங்கோ. காசு ஓடிப் போகாது" என்றார்.

காசு ஓடவில்லை. அந்த ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி நானாதான் போக வேண்டியதாயிற்று. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். வீடு, கடை, நகை, பணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன் மன்னார்த் தீவிலும் அதே கட்டளை. எருக்கலம்பிட்டி முதலான ஊர்ச்சனம் படகுகளில் கடலால் வந்து இறங்கியது இதே கற்பிட்டிக் கரையில்தான். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் ஓலைக்கொட்டில்களில் வாழ்ந்தார்கள், அதுவும் ஒரு தலைமுறைக் காலம். அவர்கள் இழந்த வீடுகளையும் நகைகளையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். கடைக் கொப்பிகளைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை. ஆனால் பாருங்கள், இரும்புக்கடை, புடவைக்கடை, தையற்கடை என்று எத்தனை கொப்பிகள்! அவற்றிலே இருந்த பெயர்களில் பெரும்பாலானவை எங்களுடையவை. ஊரைவிட்டு அவர்கள் போன அன்று, நாங்கள் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும், எங்கள் கடன்கள் கேட்பாரற்றவையாகிவிட்டன.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி நாங்களும் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக மழையில் நடந்தோம். அம்மா சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் படுத்த படுக்கையானார். கடைசி நாட்களில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இரண்டு கடன் கிடக்கு. ஒண்டு அன்னம்மாளுக்கு. மற்றது நானாவுக்கு. இரண்டையும் தீர்த்துப்போடு" என்றார்.

முதலாவதைத் தீர்த்தேன். போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபின், 2003 ஆவணித் திருவிழாவுக்கு வெள்ளிப் படகோடு தலவில போனேன். பாலாவிச் சந்தியில் பஸ் நின்றபோது வீதியோரத்தில் இடம்பெயர்ந்தோர் குடியிருப்புகள் தெரிந்தன. இறங்கி விசாரித்திருந்தால் யாராவது ஒருவர் நானாவை அறிந்திருப்பார். நான் இறங்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எந்த முகத்தோடு போய் நிற்பது என்ற கூச்சம். அதனடியில் இன்னொரு நினைவும் இருந்தது: அவர்தான் கேட்கவில்லையே.

ஊர் திரும்பியபின், குருமடத்தில் பழைய ஏற்பாடு படிப்பித்த குருவானவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கண்டிக்கவில்லை. அலுமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார். யூதரின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவை ஹெர்பர்ட் டான்பி என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்து 1933இல் வெளியிட்ட பதிப்பு. "உமக்கு வேண்டியது இதற்குள் எங்கேயோ இருக்கு" என்றார். அன்று தொடங்கிய வாசிப்பைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். அது சுருக்கமானது. வழக்குத் தொடரும் காலக்கெடுவை வகுப்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். ஈட்டு உறுதிக்குப் பத்து ஆண்டு. எழுத்திலான ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு. எழுத்தில்லாமல் கொடுத்த பணத்துக்கு மூன்று ஆண்டு. விற்றுக் கொடுத்த பொருளுக்கும், கடைப்பற்றுக்கும், தொழிலாளியின் கூலிக்கும் ஒரே ஓர் ஆண்டு. இதன்படி நானாவின் 1,860 ரூபாய், அவர் புத்தளத்து ஓலைக்கொட்டிலில் இரண்டாவது மாரியைக் காணுமுன்பே நீதிமன்றப் படியேறும் தகுதியை இழந்துவிட்டது. போரினால் வழக்காட முடியாமற் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்தது. 1983 மே மாதத்திலிருந்து 2009 மே மாதம் வரையான காலத்தைக் கணக்கில் கொண்டு அது சலுகை தந்தது. ஆனால் அது காணி முதலான அசையா ஆதனங்களுக்கு மட்டும். கடைக் கொப்பிக்கு அதில் இடமில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பழைய கட்டளைச்சட்டம் கடன் அழிந்துபோயிற்று என்று சொல்லவில்லை. வழக்கு நிலைக்காது என்று மட்டுமே சொல்கிறது. அதுகூடத் தானாக நடப்பதல்ல. காலம் கடந்துவிட்டது என்று கடன்பட்டவனே நீதிமன்றத்தில் எடுத்துரைக்க வேண்டும். அதாவது, வாங்கியது உண்மை, கொடுக்காததும் உண்மை, ஆனால் ஆண்டு போய்விட்டது என்று சொல்லித் தப்ப விரும்புகிறவன் தன் வாயாலே அதைச் சொல்லியாக வேண்டும்.

யூதர்களின் சட்டமும் கடனுக்கு ஒரு கால எல்லை வைத்தது. அதன் நோக்கம் முற்றிலும் வேறு. உபாகமம் என்று பழைய மொழிபெயர்ப்பிலும் இணைச்சட்டம் என்று புதியதிலும் பெயர் பெறும் நூலின் 15ஆம் அதிகாரம், ஏழாண்டுக்கொருமுறை கடன்களை விட்டுவிடச் சொல்கிறது. கொடுத்தவன் அயலானை நெருக்கக் கூடாது. ஏழை ஏழையாகவே தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே என்று கை மூடிக்கொள்ளாதே என்றும் அதே அதிகாரம் எச்சரிக்கிறது. மனிதர் எப்போதும் மனிதர்தானே. எச்சரிக்கையை மீறிப் பணக்காரர் கை மூடிக்கொண்டார்கள். கிறிஸ்துவுக்குச் சற்று முன்பின்னாக வாழ்ந்த ஹில்லேல் என்ற பேராசான் இதைக் கண்டு ஒரு வழி செய்தார். கடன் பத்திரத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து ஓர் ஆவணம் எழுதினால் ஏழாம் ஆண்டு அந்தக் கடனைத் தொடாது. அந்த ஆவணத்துக்குப் புரோஸ்புல் என்று பெயர். வேதச் சட்டத்துக்குள் புகுந்து இப்படிச் சந்து வைத்தது சரியா என்று பிற்காலத்தவர் நிறைய விவாதித்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. கடன் கிடைக்காத ஏழைக்குக் கடன் மன்னிப்பால் என்ன பயன்?

மிஷ்னாவில் 'ஏழாம் ஆண்டு' என்ற பகுதியின் பத்தாம் அதிகாரத்தில் இந்த விதிகள் இருக்கின்றன. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்டவை. அவற்றின் முதல் விதியைப் படித்தபோதே நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஏழாம் ஆண்டு எல்லாக் கடனையும் தள்ளுபடி செய்யும், ஆனால் கடைப்பற்றைத் தள்ளுபடி செய்யாது என்று அது சொல்கிறது. கூலியாளின் கூலியையும் தள்ளுபடி செய்யாது. கடைக்காரர் வட்டிக்குப் பணம் கொடுத்தவரல்லர், நம்பிப் பொருள் கொடுத்தவர், பற்று ஓரளவு சேர்ந்தபின் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர். அவர் கேளாமல் இருப்பது தொழிலின் வழக்கம், விட்டுக்கொடுத்ததன் அடையாளமல்ல. உரைகாரர்கள் இப்படித்தான் காரணம் காட்டுகிறார்கள். நம் கட்டளைச்சட்டம் எந்த இரண்டை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் காலாவதியாக்குகிறதோ, அதே இரண்டை அந்தச் சட்டம் காலாவதியாகவே விடவில்லை. விக்ரோரியா மகாராணி காலத்து வியாபார உலகம் கணக்கைச் சீக்கிரம் முடிக்க விரும்பியது. கலிலேயாவின் கிராமத்து ஆசான்களுக்கு முன்னால் நின்றவர் ஒரு சின்னக் கடைக்காரர்.

அதே அதிகாரத்தின் முடிவில் இன்னுமொரு விதி. தள்ளுபடியான கடனையும் ஒருவன் கொண்டுவந்து கொடுத்தால் என்ன செய்வது? கடன் கொடுத்தவர், தாம் அதை விட்டுவிட்டதாகச் சொல்ல வேண்டும். வந்தவன், 'ஆனாலும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்னும் கருத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன்பின் வாங்கிக்கொள்ளலாம். அப்படித் திருப்பிக் கொடுப்பவனிடம் ஞானிகளின் மனம் மகிழ்கிறது என்று அடுத்த விதி சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் மன மகிழ்ச்சிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயப்படுத்த முடியாத இடத்தில் சட்டம் இப்படித்தான் பேச முடியும் போலும்.

பாபிலோனியத் தல்மூதில் இதற்கு ஒரு வேடிக்கையான நிகழ்ச்சி வருகிறது. ரப்பா என்ற ஆசானுக்கு அப்பா பார் மார்த்தா என்ற இளைஞன் கடன்பட்டிருந்தான். தள்ளுபடிக் காலத்தில் பணத்தைக் கொண்டுவந்தான். ஆசான் முறைப்படி, தாம் விட்டுவிட்டதாகச் சொன்னார். இளைஞன் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு நடந்தான்! ரப்பா முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அவ்வழி வந்த சீடர் அபாயே காரணம் கேட்டறிந்து, நேரே அந்த இளைஞனிடம் போனார். 'ஆனாலும்' என்ற வார்த்தையைச் சொன்னாயா என்று விசாரித்தார். சொல்லவில்லை. போய்ச் சொல்லிக் கொடு என்று அனுப்பினார். அவனும் போனான், சொன்னான், கொடுத்தான். ரப்பா வாங்கி வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு இது முதலிலேயே தெரியவில்லையே என்று அலுத்துக்கொண்டாராம். எனக்கு இந்தக் கதை பிடிப்பதற்குக் காரணம், அந்த ஆசான் பெருந்தன்மைக்காரராக நடிக்கவில்லை என்பதே. அவருக்குப் பணம் வேண்டும். ஆனால் கேட்க முடியாது. கேட்க முடியாதவரின் வாடிய முகத்தைச் சட்டம் கண்டுகொண்டிருக்கிறது. பாலாவிச் சந்தியில் நான் பஸ்ஸை விட்டு இறங்காத அந்த நாளில் எனக்கும் ஓர் அபாயே தேவைப்பட்டிருந்தார்.

யோசேப்பு காரோ பதினாறாம் நூற்றாண்டில் தொகுத்த சுல்கான் அரூக் என்ற பெருஞ்சட்ட நூல் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. உறுதி எவ்வளவு பழையதானாலும், கொடுத்தவர் எத்தனை ஆண்டு வாய் திறவாமல் இருந்தாலும், அந்த மௌனத்தை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளக் கூடாது. ஏனெனில் கடன் தீர்ப்பது கேள்விக்குப் பதில் சொல்வதல்ல. தல்மூது ஆசான் ராவ் பாப்பா அதை ஒரு மறைக்கட்டளையாகவே கருதினார். கூடாரப் பெருவிழாவில் கூடாரம் அமைப்பது எப்படிக் கட்டளையோ அப்படியே. கூடாரம் அமைக்க யாரும் வந்து கேட்பதில்லையே!

இதையெல்லாம் தூரதேசத்துச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் வடித்த நம் தேசவழமையைப் புரட்டிப் பாருங்கள். பெற்றோர் பட்ட கடனுக்கு ஆண்பிள்ளைகள் பொறுப்பு. இப்போது கையில் இல்லாவிட்டாலும் எக்காலத்திலும் பொறுப்பு. இதைத் தொகுத்த யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்சுக்கே இது கடுமையான வழக்கமாகத் தோன்றியது. இஸ்லாத்திலும் இறந்தவரின் கடன் தீர்ந்த பிறகே சொத்துப் பங்கீடு. கடனோடு இறந்த ஒருவருக்கு, அதை வேறொருவர் பொறுப்பேற்கும் வரை நபிகள் நாயகம் தாமே தொழுகை நடத்தத் தயங்கினார் என்ற செய்தியை நானாவின் வாயாலேயே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்று அது எனக்குக் கதையாக மட்டும் இருந்தது.

மிஷ்னாவின் வேறொரு பகுதி என்னை இன்னும் குத்தியது. பாவப்பரிகார நாள் மனிதனுக்கும் கடவுளுக்கும் இடைப்பட்ட குற்றங்களைத் தீர்க்கும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டதை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும் வரை அது தீர்க்காது. கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு இது புதிதுமல்ல. காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று மலைப்பிரசங்கத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. நான் வெள்ளிப் படகைப் பீடத்தில் வைத்துவிட்டு வந்த வழியே பஸ்ஸேறியவன்.

ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால்? அதையும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். மேய்ப்பர், வரி தண்டுவோர் போன்றவர்கள் யாரிடம் எவ்வளவு அநியாயமாக எடுத்தோம் என்று அறிய மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் தெரிந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் பொதுத் தேவைக்கு நீர்த்தொட்டி, கிணறு வெட்ட வேண்டும் என்று தல்மூது கூறுகிறது. இழந்தவன் என்றாவது அந்த வழியால் போகும்போது அந்தத் தண்ணீரைக் குடிப்பான் அல்லவா? கற்பிட்டி மணலில் குடிதண்ணீரின் அருமை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் அழகை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குடாநாட்டில் ஒரே கிணற்றை ஊராரும் அகதிகளும் பங்கிட்ட ஆண்டுகள் பல.

எனக்குக் கிணறு வெட்டும் தேவை வரவில்லை. போர் முடிந்து, சோனகத் தெருவுக்குச் சில குடும்பங்கள் மீண்டு வந்தபோது ஒருவர் மூலம் தகவல் கிடைத்தது. நானா காலமாகிவிட்டார். மகன் கற்பிட்டி வீதியில் ஒரு சிறிய இரும்புக்கடை வைத்திருக்கிறார். 2012இல் போனேன். இம்முறை தலவிலவுக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டிப் போனேன்.

கடையில் ஆணியும் கம்பியும் நைலோன் கயிறும் தொங்கின. மகனுக்கு நாற்பது வயதிருக்கும். பெயரைச் சொன்னேன். தகரத்தைச் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசாமலிருந்தார்.

"மாஸ்ரர், அந்தக் கொப்பியே இல்லை. கடையோட போயிட்டுது. வாப்பா அதையெல்லாம் அப்பவே விட்டிட்டார். மௌத்தாகிறதுக்கு முதல் எல்லாருக்கும் ஹலால் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

விட்டுவிட்டேன் என்ற அந்த வார்த்தை! நான் படித்த பக்கம் அப்படியே கண்முன் நின்றது.

"எண்டாலும் நீங்கள் எடுக்க வேணும், தம்பி" என்றேன்.

பத்தாயிரம் ரூபாய் கொண்டு போயிருந்தேன். இருபத்திரண்டு ஆண்டில் 1,860 ரூபாயின் பெறுமதி என்னவாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். 1990இல் அது ஒரு வீட்டுக் கூரை. 2012இல் நாலு தகரமும் வராது. இந்த இடத்தில்தான் பழைய சட்டங்கள் எல்லாமே முடிச்சுப்போடுகின்றன. ஹில்லேல் ஒரு பெண் அயல்வீட்டுக்காரிக்கு ஓர் அப்பம் கைமாற்றாகக் கொடுப்பதற்குக்கூட அப்பத்தின் விலையைப் பேசிக்கொள்ள வேண்டும் என்றார். கோதுமை விலை ஏறினால், திரும்பி வரும் அப்பம் பெறுமதி கூடியதாகி வட்டியாகிவிடுமாம். அவ்வளவு பயம் வட்டிக்கு. இஸ்லாமிய மரபிலோ, முன்பேச்சில்லாமல் கடன்பட்டவன் மனமுவந்து சற்றுக் கூட்டிக் கொடுத்தால் குற்றமில்லை என்று அறிஞர் சொல்வர். நான் அந்த நியாயத்தைத்தான் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"வாப்பா எழுதினது எவ்வளவு? அதைத் தாங்கோ. அதுக்கு மேல எனக்கு வேண்டாம். கணக்குப் பிழைச்சுப்போடும்."

மேசையில் இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்களை மட்டும் வைத்தேன். அவர் லாச்சியைத் திறந்து எண்ணி, நூற்று நாற்பது ரூபாய் மிச்சம் தந்தார். பிறகு தன் கடைப் பில் புத்தகத்தை எடுத்தார். மேலே இருந்த கடைப் பெயரை ஒரு கோட்டால் வெட்டி, அதன்கீழ் தகப்பனாரின் பெயரையும் யாழ்ப்பாணம் என்றும் எழுதினார். என் பெயர் எழுதினார். தகரம், ஆணி, கம்பி என்று எழுதி, பற்றுத் தீர்ந்தது என்று கையொப்பமிட்டார். திகதி போடும் இடத்தில் பேனை நின்றது. அன்றைய திகதியா, பழைய திகதியா என்று என்னைப் பார்த்தார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அதை வெறுமையாகவே விட்டுத் தாளைக் கிழித்துத் தந்தார்.

"இருங்கோ மாஸ்ரர், தேத்தண்ணி வருகுது" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.